தழும்பு யாருக்கு?

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் நடந்த ஒப்பந்தம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்கும், இன்றுதான் இந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாகக் குடிக்கிறவர். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தண்ணித்தொட்டி. நாளாக ஆகத் தேய்ந்து வெறும் தொட்டி ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். போன மாதம் வேலைக்குப் போன இடத்தில் படியில் சறுக்கி விழுந்தார். அன்றிலிருந்து பெரியவள் ஒற்றைக்காலில் நின்றாள். ரத்தம் கொடுத்துக் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்த்தே தீரவேண்டும்.

"சரி. நீயும் கைய நீட்டு, நானும் நீட்டறேன்" என்றார் தொட்டி. ஊசி என்றால் பெரியவளுக்குப் பயம். மாட்டேன் என்பாள், தானும் தப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு.

பெரியவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

அவளுடைய தங்கை சின்னவள், ஆஸ்பத்திரி லேபில் பதினாறு வருடமாக டெக்னீஷியன். இருவரிடமும் அவளே ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இரவுக்கு முன்பே லேபில் சேர்த்துவிட்டாள்.

இனி மறுநாள்.

காலை ஏழரை மணிக்கு மெஷின் இரண்டு தாள்களைத் துப்பியது.

சின்னவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் எடுத்தாள். அத்தானின் எண்கள் மோசமாக இருக்கும், அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். 'ஒண்ணும் பயப்படாதே அக்கா, மருந்து இருக்கு.' இல்லை, மருந்து என்று ஆரம்பிக்கக் கூடாது. 'முதல்ல உக்காரு அக்கா.'

அத்தானின் தாளைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

எல்லாம் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று முதல் கட்டமாகப் பார்க்க லேபில் ஒரு கணக்கு உண்டு. வயது, கல்லீரலிலிருந்து ரத்தத்தில் கசியும் இரண்டு என்சைம்கள், ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. இந்த நான்கையும் பெருக்கி வகுத்தால் ஒரே ஒரு எண் வரும். ஒன்று புள்ளி மூன்றுக்குக் கீழே இருந்தால் பெரிதாகப் பயமில்லை. இரண்டே முக்காலைத் தொட்டால் மேற்கொண்டு பார்க்கவேண்டும்.

அத்தானின் எண் ஒன்று புள்ளி இரண்டு.

சின்னவள் சிரித்துவிட்டாள். இருபது வருடக் குடிக்கு இதுவா? இரும்பிலே செய்த கல்லீரலா இந்த மனிதருக்கு?

அந்தச் சிரிப்போடுதான் அக்காவின் தாளைத் திருப்பினாள்.

ஐந்து புள்ளி மூன்று.

கால்குலேட்டரில் தப்பாகத் தட்டியிருப்போம் என்று மறுபடி போட்டாள். ஐந்து புள்ளி மூன்று. பேப்பரில் பேனாவால் போட்டாள். அதுவும் ஐந்து புள்ளி மூன்று. தட்டணுக்கள் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். அத்தானுக்கு அது போல இரண்டு மடங்கு இருந்தது.

பிறகு அவளுக்கு வெளிச்சம் ஆயிற்று. குழாய் மாறிப்போயிருக்கிறது!

நேற்று மேஜையில் நடந்தது கண்முன் வந்தது. ஊசி ஏறும்போது அத்தான் ஏதோ ஜோக் அடித்தார். அக்கா கையை உதறினாள். குழாய்கள் உருண்டு ஓடின. லேபிள் ஒட்டியது அதற்கு முன்னா, பின்னா? பதினாறு வருடத்தில் ஒரு குழாய்கூட மாற்றி ஒட்டியதில்லை. நேற்று மாற்றிவிட்டாள். வெளியே தெரிந்தால் மெமோ நிச்சயம்.

ஆனால் தப்பு தன்னுடையது என்று நினைத்தபோது அவளுக்கு ஏற்பட்டது நிம்மதி. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அத்தானின் ரத்தம் ஏ குரூப். அக்காவுக்கு ஓ. வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை எடுத்தாள். அக்காவின் பெயர் ஒட்டிய குழாயிலிருந்து ஒரு சொட்டு. அதன்மேல் நீல மருந்தில் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கினாள். இது ஏ குரூப் ரத்தம் என்றால் திரிந்த பால் மாதிரி மணி மணியாகத் திரளும். ஓ என்றால் வழவழவென்று அப்படியே கிடக்கும்.

பீங்கானை மெதுவாக ஆட்டினாள்.

"திரளு" என்றாள் வாய்விட்டு. "திரளு, திரளு."

ரத்தம் வழவழவென்று கிடந்தது.

இரண்டாவது குழாயிலும் பார்த்தாள். அதுவும் ஓ. அத்தானின் பெயர் ஒட்டிய இரண்டு குழாய்களிலும் நொடியில் மணி மணியாகத் திரண்டது.

எந்தக் குழாயும் மாறவில்லை.

சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து மெஷின் வேலை முடிந்ததென்று பீப், பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவளுக்குக் கை எழவில்லை.

கல்லீரல் டாக்டர் ஒன்பது மணிக்கு வருவார். அறுபது வயது, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். சின்னவள் தாளில் பெயர் இருந்த பகுதியை மடித்து நீட்டினாள்.

"டாக்டர், தெரிஞ்சவங்க ரிப்போர்ட். கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியுமா?"

டாக்டர் நடந்துகொண்டே படித்தார். நடை நின்றது.

"வயசு நாப்பத்தாறுதானா? ஆளு நல்லா குடிப்பாரோ?"

"ஏன் டாக்டர் எடுத்த எடுப்புல அப்படிக் கேக்கறீங்க? வேற காரணமும் இருக்கலாமே."

"இருக்கலாம். வைரஸ் இருக்கலாம், கொழுப்பு இருக்கலாம். எல்லாம் பாக்கத்தான் வேணும். ஆனா இதைப் பாரு. ரெண்டு என்சைம்ல இது அதைவிட ரெண்டு மடங்கு. சிவப்பணு ஒவ்வொண்ணும் ஊதிப் போய்க் கிடக்கு. ரெண்டும் ஜோடி சேந்து வந்தா நான் முதல்ல கேக்கறது, 'தினம் எத்தனை கிளாஸ்?'"

"டாக்டர், இது ஆம்பளை இல்ல."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"கல்லீரலுக்கு ஆம்பளை பொம்பளைன்னு தெரியாதும்மா. தெரிஞ்ச வரைக்கும், பொம்பளைன்னா கம்மியா குடிச்சாலே சீக்கிரம் கெடும்." குரல் தணிந்தது. "உனக்கு ரொம்ப வேண்டியவங்களா?"

சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"இந்த எண்ணு சந்தேகம்தான், தீர்ப்பு இல்ல. இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கே, தழும்பு கட்டும்போது ரத்தத்துல கலக்கற மூணு பொருளை அளக்கறது. அதைப் போடு. புதுசா ரத்தம் எடு. கூடவே வைரஸும் பாத்துரு. பத்து மணிக்கு வரச் சொல்லு, பன்னெண்டுக்கு நான் பேசறேன்."

சின்னவள் வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நேத்து எடுத்த ரத்தம் கொஞ்சம் கெட்டுப் போச்சு. ரெண்டு பேரும் ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்."



"கெட்டுப் போனது ரத்தமா, சின்னவளே?" என்றாள் பெரியவள்.

தொட்டி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். முகத்தைச் சுத்தமாக மழித்திருந்தார். மேல்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"மறுபடி ரத்தம் கேக்கறாங்கன்னா எனக்குப் புரியாதா பாப்பா?" என்று மச்சினியிடம் தணிந்த குரலில் சொன்னார். "நாலு கட்டடத்துல லிஃப்ட் கயிறு மாத்தற வேலை பாக்கி. எந்த வேலைய யார்கிட்ட விடணும்னு எழுதிட்டேன். உன் அக்காகிட்ட நான் போனப்புறம் குடு."

"அத்தான், சும்மா இருங்க."

"நான் தைரியமாத்தான் இருக்கேன். மேல போற லிஃப்டா, கீழ போற லிஃப்டா, அதை மட்டும் சொல்லிடு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மற்ற நாளாக இருந்தால் சின்னவளும் சிரித்திருப்பாள். அவள் அக்காவைப் பார்த்தாள்.

பெரியவள் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். வீட்டிலேயே உட்கார்ந்து, சிவப்புப் பேனாவும் கையுமாக, பாடப் புத்தகங்களிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை பார்ப்பாள். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. அந்த அக்காவை இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்ப்பதுபோல் தங்கை பார்த்தாள். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள். வெயில் என்று நினைத்திருந்தாள். உள்ளங்கை செக்கச் செவேல் என்றிருந்தது. பாத்திரம் தேய்க்கிற பவுடர் என்று அக்கா சொல்லியிருந்தாள். இதையெல்லாம் தினம் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவள், சொந்த அக்காவிடம் மட்டும் பார்க்காமல் போனது எப்படி?

ஊசி போட்டபோது பெரியவள் பயப்படவில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே தெரிஞ்சிருமா இதுல?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றாள் சின்னவள். குழாயில் லேபிளை ஒட்டினாள்.

பன்னிரண்டு மணி. டாக்டரின் அறையில் மூன்று நாற்காலி. மேஜைமேல் கல்லீரலின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று, பேப்பர் பறக்காமல் இருக்கக் கனமாக வைத்திருந்தார்கள்.

"ஒவ்வொருத்தர் ரிப்போர்ட்டையும் அவங்கவங்ககிட்ட தனியாப் பேசறது வழக்கம்" என்றார் டாக்டர்.

"எங்களுக்குள்ள ஒளிவு மறைவு கிடையாது டாக்டர்" என்றார் தொட்டி. "முதல்ல என்னோடதைப் போட்டு உடைச்சிருங்க."

"உங்களுக்குத் தழும்பு இருக்கறதா தெரியல. கொஞ்சம் கொழுப்பு சேந்திருக்கலாம். குடிய நிறுத்தினா நல்லா இருப்பீங்க."

தொட்டி அவமானப்பட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கா? டாக்டர், நான் இருபது வருஷமா குடிக்கறவன். ஊர்ல விசாரிச்சுப் பாருங்க. நல்லாப் பாருங்க, வேற யாரோடதோ படிக்கறீங்க."

"உங்களோடதுதான்."

"அப்ப எதுக்கு மறுபடி ரத்தம் எடுத்தீங்க?"

டாக்டர் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நாம கொஞ்சம் தனியாப் பேசலாமா?"

"வேண்டாம் டாக்டர்" என்றாள் பெரியவள். "ரெண்டு பேரும் இருக்கட்டும். இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது."

டாக்டர் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "வைரஸ் இல்ல. தழும்பு டெஸ்ட்ல பத்தரைக்கு மேல போனாலே முத்தின தழும்புன்னு எடுத்துக்குவோம். உங்களுக்குப் பதினொண்ணரையத் தாண்டிருக்கு. ஸ்கேன் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா ரத்தம் சொல்றது தெளிவா இருக்கு."

"பதினொண்ணரையா?" என்றார் தொட்டி. "இவளுக்கா? இவ காப்பியே அரை டம்ளர்தான் குடிப்பா! பாப்பா, நீதான் எடுத்தே, நீ சொல்லு. மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லு!"

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"மாறலைங்க" என்றாள் பெரியவள். "அது என்னோடதுதான்."

பெரியவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஒரு வாரம் வேலைக்கே போகாம குடிச்சீங்க, ஞாபகம் இருக்கா? செத்துப் போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். நீங்க தூங்கினதும் பாட்டில்ல பாதிய சிங்க்ல கொட்டிட்டுத் தண்ணிய ஊத்தி வெச்சேன். நீங்க கண்டுபிடிக்கல. அப்புறம் தினமும் அதையே பண்ணினேன்."

பெரியவள் மேஜைமேல் இருந்த பொம்மையைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"ஒரு நாள் அச்சகத்துல பெரிய தப்பு. நான் பாத்த புத்தகம். எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. வீட்டுக்கு வந்து பாட்டிலை சாய்க்கப் போனேன். கொட்டறதுக்குப் பதிலா..." அவள் நிறுத்தினாள். "அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். மறுநாளும் கொட்டல. அப்புறம் உங்க பாட்டில் பாதி எனக்குப் போதல. ரெண்டு பஸ் மாறிப் போய் நானே வாங்க ஆரம்பிச்சேன்."

"அப்ப நான் குடிச்சது?" என்றார் தொட்டி.

"பாதிக்கு மேல பச்சைத் தண்ணிங்க."

அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சரக்குல வீரியமே இல்லன்னு கடைக்காரன் சட்டையைப் பிடிச்சேனே. அவன் சத்தியம் பண்ணினான். அவனை அடிச்சேன்டி நான்." திடீரென்று குரல் உயர்ந்தது. "உனக்குத் தெரிஞ்சுதானே ரத்தம் எடுக்கச் சொன்னே? நீயும் கைய நீட்டுன்னு நான் சொன்னப்பவே தெரியுமே உனக்கு!"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு நீட்டினே?"

"நான் மாட்டேன்னு சொல்லிருந்தா நீங்களும் தப்பிச்சிருப்பீங்க."

தொட்டி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்த இரண்டு தடவை முயன்றார், முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். ஊர் முழுக்கக் குடிகாரன் என்று பெயர் வாங்கியவர், அத்தனையும் தன் பாவம் என்று தலை குனிந்தே நடந்தவர், வராந்தாவில் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். கை நடுங்கியது.

"அக்கா, என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே."

"உன்கிட்டயா? போன மாசம் உன்கிட்டதானே சொல்லி அழுதேன், உங்க அத்தான் குடிச்சே என்னைக் கொல்றார்னு. அன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்திருந்தேன். நீ எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினே."

சின்னவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. அன்று அவள் அத்தானைக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டியிருந்தாள். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் குறுக்கே பேசினார். "அம்மா, இப்ப எவ்வளவு குடிக்கறீங்க?"

"காலைல ஒண்ணு இல்லன்னா கை நிக்காது டாக்டர். பேனாவால கோடு போட முடியாது. அப்புறம் மத்தியானம். சாயங்காலம். ராத்திரி கணக்கில்ல."

"இன்னைக்கு?"

"காலைல அஞ்சு மணிக்கு. அதுக்கப்புறம் இல்ல."

"நல்லாக் கேட்டுக்கங்க. நிறுத்தத்தான் போறோம். ஆனா எங்க கண்ணு முன்னாடி, மருந்து குடுத்து நிறுத்தணும். இவ்வளவு நாள் பழகின உடம்புக்கு ஒரேயடியா நிறுத்தினா அதுவே ஆபத்து. நடுக்கம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்புகூட வரலாம். வீட்ல வீராப்பா இருந்துடாதீங்க. இப்ப பெட் இல்ல, ஏழு மணிக்கு ஒண்ணு காலியாகும். அதுக்குள்ள உடம்பு படபடன்னு வந்தா எமர்ஜென்சிக்கு வந்துருங்க, காத்திருக்காதீங்க. தங்கச்சிக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சது டாக்டர்."

"தழும்பு போயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் பெரியவள்.

"முழுசாப் போகும்னு பொய் சொல்ல மாட்டேன். குடிய விட்டா மேல பரவாம நிக்கும். கொஞ்சம் பின்வாங்கினவங்களும் இருக்காங்க. இன்னும் வயித்துல தண்ணி கட்டல, காமாலை வரல. இன்னைக்குக் கண்டுபிடிச்சது உங்க நல்ல நேரம்."

பெரியவளுக்கு அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

சின்னவளுக்கு நாலரை மணி வரை வேலை. லீவு சொல்லியும் ஆள் இல்லை என்று விடவில்லை. அக்காவை ஒரு மணிக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். "சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். படபடன்னா உடனே போன் பண்ணு" என்று நாலு தடவை சொன்னாள். மூன்று மணிக்குப் போன் செய்தபோது அக்கா "நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். நாலு மணிக்கும் அதே பதில்.

பஸ் நெரிசலில் சிக்கிப் போய்ச் சேர ஆறு மணி ஆகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். இரண்டாவது மாடியிலேயே அந்த வாடை வந்துவிட்டது.

கதவு திறந்து கிடந்தது. சமையலறையில் தொட்டி கையை மடித்துவிட்டு நின்றார். சிங்க் ஓரத்தில் காலிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பெரியது, சின்னது, இருமல் மருந்துப் பாட்டில்கள்கூட நாலைந்து. அவர் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் முகத்தில் பல வருடமாகப் பார்க்காத ஒரு தெளிவு.

"வா பாப்பா. முடிச்சிட்டேன்" என்றார். "கோவத்துல எங்கெங்கயோ சுத்திட்டு ரெண்டு மணிக்கு வந்தேன். எங்க வெச்சிருக்கேன்னு கேட்டேன். அவளே எடுத்துக் குடுத்தா. அகராதிக்குப் பின்னாடி, பழைய ப்ரூஃப் கட்டுக்கு நடுவுல. ஆறு வருஷமா அந்த அலமாரிய நான் தொட்டதில்ல, படிக்கறவ அலமாரின்னு. என்னோடதையும் சேத்துக் கொட்டிட்டேன். இனிமே இந்த வீட்ல ஒரு சொட்டு கிடையாது. அவளும் நானும் ஒண்ணாவே விட்டுட்டோம்."

சின்னவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்பக் கொட்டினீங்க?"

"ரெண்டேகாலுக்கு."

"அதுக்கப்புறம் அக்கா எதுவும்..."

"ஒரு சொட்டு கேக்கல. அவ்வளவு மன உறுதி!" பெருமையாகச் சொன்னார். "கொஞ்சம் குளிருதுன்னா. போர்த்திப் படுத்திருக்கா."

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. டாக்டர் எச்சரித்தபோது இவர் அறையில் இல்லை. காலையிலிருந்து பதின்மூன்று மணி நேரம்.

"அத்தான், ஒரேயடியா நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. வலிப்பு வரலாம்னு சொன்னாங்க. அக்கா உங்ககிட்ட சொல்லலையா?"

தொட்டியின் முகத்திலிருந்த தெளிவு அப்படியே வடிந்தது.

"சொல்லலையே" என்றார். "நான் கொட்டும்போது அழுதேன் பாப்பா. அவ பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தா. ஒண்ணுமே சொல்லலையே."

அழுகிற கணவரிடம் எனக்கு ஒரு கிளாஸ் வேண்டும் என்று எந்த வாயால் சொல்லியிருப்பாள்?

"நான் ஓடிப் போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடவா?" அவர் செருப்பைத் தேடினார். ஒரு காலில் மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காணாமல் தவித்தார்.

"இருங்க." சின்னவள் அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டிருந்தாள். மணி அடித்தது. மறுபடி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"டாக்டர், அத்தான் விவரம் தெரியாம எல்லாத்தையும் கொட்டிட்டார். காலைல அஞ்சு மணிக்கப்புறம் எதுவும் இல்ல. குளிருதுன்னு படுத்திருக்காங்க."

"நினைவு இருக்கா? பேச்சு தெளிவா இருக்கா?"

"இன்னும் பாக்கல டாக்டர், இப்பத்தான் வந்தேன்."

"போன வைக்காம போய்ப் பாரு. கடைக்கெல்லாம் போக வேண்டாம், நேரா எமர்ஜென்சிக்குக் கொண்டு வாங்க. நான் சொல்லி வெக்கறேன். படி இறங்கும்போது தனியா விடாதீங்க."

தொட்டி முன்னால் ஓடினார். ஒற்றைச் செருப்போடு.

படுக்கையறையில் விளக்கு எரிந்தது. போர்வை தரையில் கிடந்தது. பெரியவள் படுத்திருக்கவில்லை. கட்டில்மேல் ஏறி நின்று, எதிர்ச் சுவரில் முகம் படுகிற அளவுக்கு நெருங்கி, எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. கையில் சிவப்புப் பேனா, அது தடதடவென்று நடுங்கியது.

"வந்துட்டீங்களா?" திரும்பாமலே கேட்டாள். "என்னங்க, சுவர் பூராவும் இவ்வளவு எழுத்து யார் எழுதினது? ஒரு வரிகூடச் சரியில்லையே. எல்லாம் தப்பு தப்பா... நகருதுங்க. நில்லுன்னா நிக்க மாட்டேங்குது."

தொட்டி சுவரைப் பார்த்தார். சின்னவளும் பார்த்தாள். போனில் டாக்டர், "என்ன ஆச்சு? பேசும்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன மாதம்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது.